மூன்றரை மணி இலை

எங்கள் வீட்டில் நான் சாப்பிடும் நேரம் பிற்பகல் மூன்றரை. யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. வரிசை அப்படி அமைந்துவிட்டது. முதலில் சுவாமி, அப்புறம் காக்கை, அப்புறம் ஆபீஸுக்குப் போகிற என் கணவர், அப்புறம் வந்தவர் போனவர், ஒரு மணிக்கு என் மாமியார். அவர் கணவரை இழந்தவர். ஒரு வேளைதான் சாப்பாடு. அவர் கை அலம்பி, நான் இடம் மெழுகி, பாத்திரம் ஒழித்து, மறுபடி குளித்துவிட்டு வந்தால் என் முறை. மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், இருபத்து நாலு வயதில், கடிகாரம் பார்க்காமலே நான் மணி சொல்வேன். மூன்று அடித்தால் கை நடுங்கும். மூன்றே காலுக்குக் கண் இருட்டும். மூன்றரைக்கு, ஆறி விறைத்துப்போன சாதத்தை மலையாகக் குவித்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல விழுங்குவேன். அடுத்தது ராத்திரிப் பத்துக்கு.

இதில் விரதங்கள் வேறு. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, அரச மரத்தை வெறும் வயிற்றோடு நூற்றெட்டுச் சுற்று. வாரத்துக்கு ஏழு நாள்தான் என்பது என் விரதங்களுக்குப் போதாமலிருந்தது. பட்டினி கிடந்து இளைத்தவர்களைப் பற்றிப் புராணத்தில் நிறையப் படித்திருக்கிறேன். பட்டினி கிடந்து பருத்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

விரதம் எதற்கு என்றால், கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. குழந்தை கூட அப்புறம். மாதவிலக்கே எனக்கு வெளியூர் மாமா மாதிரி, நாலு மாதத்துக்கு ஒரு தரமோ ஐந்து மாதத்துக்கு ஒரு தரமோ, அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும். எங்களவர் வீடுகளில் இது ரகசியமாக இருக்கமுடியாத சங்கதி. விலக்கானவள் மூன்று நாள் கொல்லைப்புறத்து அறையில் தனியாக உட்காரவேண்டும். உட்கார்ந்தால் தெருவுக்குத் தெரியும். உட்காராவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். முதல் வருஷம் நான் மூன்று மாதம் சேர்ந்தாற்போல உட்காராமலிருந்தபோது மாமியார் தினம் மாங்காய் நறுக்கி உப்புப் போட்டுக் கொடுத்தார். நாலாம் மாதம் உட்கார்ந்தேன். மாங்காய் நின்றது, விரதம் ஆரம்பித்தது.

மோவாயில் நாலைந்து முரட்டு மயிர் முளைத்தது. கழுத்துக்குப் பின்னால் அழுக்கு மாதிரி ஒரு கறுப்பு. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்ததில் தோல்தான் போயிற்று, கறுப்பு போகவில்லை.

இனி அந்தச் சுவர். நான் சாப்பிடுகிற இடம் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் வெளிச்சம் வராத ஒரு நடை. சாப்பிட்டு முடித்ததும், மயக்கமா தூக்கமா என்று பிரிக்கமுடியாமல் ஒன்று வரும். தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்வேன். அந்த இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை, வட்டமாக, ஒரு தலை அளவுக்கு. என்னுடையது என்று நினைக்கவேண்டாம். நான் புகுந்த அன்றே அது இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்கள். மாசி முடிவதற்குள் அது மேலே வந்துவிடும். முதல் நாள் நான் அங்கே மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்தபோது, தைத்துவைத்த மாதிரி சரியாகப் பொருந்தியது.

அது பெரியம்மாவின் தலை. என் மாமனாருக்கு மூத்த சம்சாரம். அவளுக்குக் குழந்தை பிறக்காததால்தான் என் மாமியாரைப் பதிமூன்று வயதில் இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். மூத்தவளை யாரும் துரத்தவில்லை. நல்ல குடும்பம் பாருங்கள். அந்த நடையில் உட்காரவைத்துக் கடைசியில் சோறு போட்டார்கள். இருபது வருஷம் சாப்பிட்டுவிட்டு, புருஷனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். அதனால் ஒரு பதவி உயர்வும் கிடைத்தது: சுமங்கலியாகப் போனவள். வருஷத்துக்கு ஒரு நாள் சுமங்கலிப் பிரார்த்தனை என்று, புதுப்புடவை வைத்து, மற்ற எல்லாருக்கும் முன்னால் அவளுக்கு இலை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்போம். உள்ளே அவள் வந்து சாப்பிடுகிறாள் என்பது கணக்கு. கதவைத் திறக்கும்போது இலையை முதலில் பார்க்க யாருக்கும் தைரியம் இருக்காது.

ஒரு நாள் மாமியார் என் முகவாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

யுத்தம் வந்து, ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், குண்டு போடப்போகிறான் என்று சர்க்காரே ஊரைக் காலி செய்யச் சொன்ன அந்தச் சித்திரையில் என் மாமியார் கும்பகோணத்துக்குத் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். என் கணவருக்குக் குழாய்த் தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா வேலை. குண்டு விழுந்தாலும் குழாயில் தண்ணீர் வரவேண்டுமாம், அவர் போகமுடியாது. அவருக்குச் சமைக்க ஆள் வேண்டும், நானும் போகமுடியாது.

வாசலில் ஜட்கா நிற்கிறது. மாமியார் மூட்டையை எண்ணிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வரச்சே ஒரு ஜாதகத்தோட வருவேன். ஆவணியிலே முகூர்த்தம் இருக்கு."

நான் தண்ணீர்க் கூஜாவை வண்டிக்குள் வைத்தேன்.

"நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே? உன்னை யார் போகச் சொன்னா? நீயும் இங்கேயேதான் இருக்கப்போறே. அக்கா இருந்தாளா இல்லையா?"

என் கணவர் குதிரையின் வாலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயார் பேசும்போது அவர் எப்போதும் ஏதாவது ஒரு பிராணியைப் பார்ப்பார்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் சந்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. மாட வீதியில் எதிரும் புதிருமாகப் பூட்டு. கோலம் இல்லாத வாசல்களை அதற்கு முன்னால் நான் சாவு வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தெரு முழுக்க அப்படி. மத்தியானத்தில் வாசலில் நின்றால் குளத்தில் மீன் துள்ளுவது கேட்கும்.

காக்கைகள்தான் என்னை முதலில் பயமுறுத்தின. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. எதிர்வீட்டில் எட்டு மணிக்குச் சாதம் வைப்பார்கள், கோடி வீட்டு வக்கீல் அகத்தில் ஒன்பதரை, ஜோசியர் வீட்டில் பதினொன்று. காக்கைகளுக்கு இது பாடம். இப்போது அவை எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தன. கத்தவில்லை. காத்திருந்துவிட்டு ஒன்பதரைக்கு வக்கீல் வீட்டுக்குப் போயின. அங்கிருந்து ஜோசியர் வீடு. நாலு நாள் இப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் மொத்தமும் எங்கள் கொல்லை மதிலுக்கு வந்துவிட்டன. நூறு இருக்கும், நூற்றைம்பது இருக்கும். ஒன்றுகூடக் கரையாமல் என்னையே பார்த்தன. நான் ஒரு பிடி சாதத்தை மதிலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் நடந்துதான் வந்தேன் என்று சொல்ல ஆசை. ஓடித்தான் வந்தேன்.

மாமியார் இல்லை, விருந்தாளி இல்லை; கணவருக்குப் போட்ட கையோடு ஒன்பது மணிக்கே நான் சாப்பிட்டிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஆறு வருஷத்துப் பழக்கம். மூன்றரைக்குத்தான் சாப்பிட்டேன். அப்படி ஒரு நாள், சமையலறையில் எனக்கென்று இலையை அலம்பிக்கொண்டிருக்கும்போது, நடையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். மரம் தரையில் படுகிற சத்தம். மணை போடுகிற சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன்.

போய்ப் பார்த்தேன். சுவரில் சாத்தி வைத்திருந்த மணை தரையில் கிடந்தது, சாப்பிட உட்காருகிறவர்களுக்குப் போடுகிற மாதிரி, நேராக.

சறுக்கி விழுந்திருக்கும் என்று எடுத்துச் சாத்தினேன். அடுத்த நாளும் மூன்றரை, அதே சத்தம். மூன்றாம் நாள் மணையைப் படுக்கை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன். அன்றைக்கும் நடையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை, பார்க்காமலிருப்பது ஒரு பாதுகாப்பான மார்க்கம்.

அந்த வாரத்தில்தான் டாக்டரம்மா வந்தார். சாந்தோமில் மாதாகோயிலுக்குப் பக்கத்தில் பரம்பரையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைப் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவை, நரைத்த தலை. பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை. குண்டு விழுந்தால் முதலுதவிக்கு வேண்டும் என்று, வட்டாரத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் மிச்சம் என்று எழுதிக்கொண்டு வந்தார். அவரை இழுத்து வந்த ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா மாமி, ஊரே காலியா கீது, நீ மட்டும் இன்னா பண்ணிக்கினு கீறே?" என்றார். ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் குசல விசாரிப்பு அது.

டாக்டரம்மா நோட்டைப் பிரித்தார். "வீட்டில எத்தனை பேரும்மா?"

"மூணு பேர்."

"நீ, உன் வீட்டுக்காரர்... இன்னொருத்தர் யாரு?"

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. "இல்லை, ரெண்டு பேர்" என்றேன். அவர் பென்சிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து உள்ளே நடையில் 'டக்' என்றது.

"ரெண்டு பேர்தானே?" என்றார்.

"ரெண்டு பேர்தான்."

அவர் சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார். "கர்ப்பமா இருக்கிறவங்க யாராவது?"

நான் சிரித்தேன். சிரிப்பு என்று ஆரம்பித்தது, நடுவில் வேறாகிவிட்டது. அவர் நோட்டை மூடிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கழுத்தைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார், எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். அதற்கப்புறம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எத்தனை மணிக்குச் சாப்பிடுவே?"

சொன்னேன். விரதங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், சற்றுப் பெருமையாகவே.

"இதோ பாரும்மா, சாமிக்காகப் பட்டினி இருக்கிறதை நான் தப்பு சொல்லமாட்டேன். நாங்களும் தவக்காலத்தில இருக்கோம். ஆனா எங்களுக்கு நாப்பது நாள்ல ஈஸ்டர் வந்துடும். உனக்கு ஆறு வருஷமா வரலையே!"

பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "சூல்பையில சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி கட்டி நிக்கிறதுன்னு மேல்நாட்டுல எழுதியிருக்காங்க. வயித்தைத் திறந்து பார்த்தாத்தான் நிச்சயம் தெரியும். உனக்கு அதுதானான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். மருந்தும் என்கிட்ட இல்லை. ஒண்ணு மட்டும் செஞ்சு பாரு. காலையில அவரோட உக்காந்து வயிறு நிறையச் சாப்பிடு. மத்தியானம் கொஞ்சம். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடு. தினம் அதே நேரம். எப்போ சோறு வரும்னே தெரியாத உடம்பு, எப்போ எதைச் செய்யணும்னு எப்படியம்மா கத்துக்கும்?"

"அவரோட உக்காந்தா?" என்றேன். மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

"ஏன், கடிச்சிடுவாரா?"

சாயங்காலச் சாப்பாட்டுக்கு எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை, யுத்தம் பார்த்துக்கொண்டது. இருட்டினால் விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. கறுப்புக் காகிதம் ஒட்டிய சமையலறையில் தடவித் தடவிச் சாப்பிடுவதைவிட ஆறு மணிக்கே முடித்துவிடலாம் என்று என் கணவரே சொல்லிவிட்டார். காலைதான் கஷ்டம். மறுநாள் எட்டரைக்கு அவருக்கு எதிரில் இன்னொரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சாம்பாரில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் இலையையே பார்த்தார். பார்க்கப் பக்கத்தில் பிராணி ஒன்றும் இல்லை.

"டாக்டர் சொன்னா" என்றேன்.

"ஓ" என்றார். கொஞ்சம் கழித்து, "நெய் விட்டுக்கோ" என்றார். எங்கள் ஆறு வருஷ தாம்பத்தியத்தில் அதுவே நீண்ட பேச்சு.

ஆனால் மூன்றரை மணிச் சத்தம் நிற்கவில்லை. நான் அந்த நேரத்துக்கு நடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன், சத்தம் விடவில்லை. முன்னே ஒரு தரம்தான் கேட்கும். இப்போது ஒரு தரம் கேட்டு, சற்றுப் பொறுத்து, இன்னொரு தரம் கேட்டது. சோறு வரவில்லையே என்று மணையை நகர்த்திப் போட்டுக்கொள்கிற மாதிரி. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கையில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தேன்.

ஒரு நாள் எனக்கே தாங்கவில்லை. எழுந்து போய் நடையில் நின்றேன். கண் பழக நேரமாயிற்று. மணை போட்டிருந்தது. கட்டிலுக்கடியில் நான் தள்ளிய அதே மணை. அதற்கு முன்னால் ஓர் இலை, அலம்பி, நுனி இடப்பக்கமாக, முறையாக. இலையில் தண்ணீர் இன்னும் முத்து முத்தாக நின்றது.

நான் போட்டிருக்கவேண்டும். வேறு ஆள் இல்லை. என் புடவைத் தலைப்பும் ஈரமாக இருந்தது. போட்டதாக நினைவு மட்டும் இல்லை. கணவரிடம் சொன்னால் ஏர்வாடிக்கு அழைத்துக்கொண்டு போவாரோ என்னவோ. நான் பயந்தேன், ஆனால் எதற்குப் பயப்படுவது என்றுதான் நிதானப்படவில்லை. அவள் இங்கே இருக்கிறாள் என்பதற்கா, அல்லது அவள் இல்லை, ஆவணிக்கு அப்புறம் அந்த மணையில் இருபது வருஷம் உட்காரப்போகிறவள் இப்போதே ஒத்திகை பார்க்கிறாள் என்பதற்கா?

அங்கே நின்றபடி, காலி இலையைப் பார்த்துப் பேசினேன். புத்தி சரியாக இருக்கும் மருமகள்கள் செய்யமாட்டார்கள்.

"பெரியம்மா, இனிமே இந்த நாழிக்கு இங்கே சாப்பாடு கிடையாது. காலம்பர எட்டரைக்குப் போடறேன். எங்களோட வந்துடுங்கோ."

மறுநாள் காலையில் கூடத்தில் மூன்று இலை போட்டேன். மூன்றிலும் ஒரே சமயத்தில் பரிமாறினேன். என் கணவர் மூன்றாவது இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். கேட்டால் பதில் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் எழுந்ததும் அந்த இலைச் சோற்றை மதிலில் வைத்தேன். காக்கைகள் தின்றன. அன்று மூன்றரைக்கு நடையில் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த நிசப்தம் சத்தத்தைவிட நல்லதாக இருந்தது என்று சொல்லமுடியாது. வந்துவிட்டாள் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

வைகாசி கடைசியில், யாரும் எதிர்பார்க்காதபோது, விலக்கானேன். சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆள் இல்லாத தெருவில், ஆள் இல்லாத வீட்டில், நான் எழுந்து போய்க் கொல்லைப்புற அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டேன். யாரைத் தீண்டாமலிருப்பதற்காக என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மூன்று நாளும் உட்கார்ந்தேன். என் கணவர் சமைத்தார். அவர் ரசத்தைப் பற்றி நான் பிற்காலத்தில் ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம். எட்டரைக்குத் தட்டைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு, அவர் உள்ளே திரும்பிப் போவதைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. தனக்கு ஓர் இலை போட்டார். பிறகு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொன்றும் போட்டார்.

முப்பத்தோராம் நாள், ஆனி கடைசியில், மறுபடியும் உட்கார்ந்தேன். விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாதம் மாதமாக இருந்தது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு தடவைதானே, குதிக்காதே" என்றார். ஆனால் சிரித்தார். பல வருஷம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்தது. அதற்கு எட்டரை மணிச் சோறுதான் காரணம் என்று டாக்டரம்மாவே சொன்னதில்லை, நான் சொல்லிவிட முடியுமா?

அந்த ஆனியிலேயே கும்பகோணத்திலிருந்து கார்டு வந்தது. 'பெண் கிடைத்துவிட்டாள், பதினேழு வயது, நல்ல உடம்பு, நான் ஜாதகத்தோடு புறப்பட்டு வருகிறேன்' என்று மாமியார். நான் இரண்டு மாதமாக ஒழுங்காக உட்கார்ந்தது அங்கே யாருக்குத் தெரியும்? கார்டில் எழுத முடியுமா, தபால்காரர் முதல் எல்லாரும் படித்தபின் நமக்கு வருவதற்குப் பெயர்தானே கார்டு?

"என்ன பதில் எழுதப்போறேள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"அம்மா வரட்டும். பேசிக்கலாம்."

"என்ன பேசுவேள்?"

"அதான்... பேசிக்கலாம்."

அவர் பல்லியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆடி பாதியில் ஒரு காலை. ரயில் எத்தனை மணிக்கு என்று எழுதாமலே மாமியார் வந்து இறங்கிவிட்டார். நாங்கள் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்த நேரம். கூடத்து வாசற்படியில், கையில் துணிமூட்டையோடு நின்றார். மகன் ஒரு பக்கம், மருமகள் எதிர்ப்பக்கம், சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிற அநியாயத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாவது இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சாதத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அது யாருக்கு?"

கணவர் வாயில் சாதம். நான்தான் சொன்னேன். "பெரியம்மாவுக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். தெருவில் ஒரு காக்கையின் குரல்கூட இல்லை. நான் எழுந்து மூன்றாவது இலையில் மோர் விடப்போனேன்.

"மோர் விடாதே" என்றார் மாமியார். "அக்கா மோர் சேத்துக்கமாட்டா."

அவர் குளிக்கக்கூடப் போகவில்லை. அந்த இலைக்கு எதிரில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் பேசினாரா, இலையிடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் இந்த ஆத்துக்கு வரச்சே பதிமூணு வயசு. பசி தாங்கமாட்டேன், விடிஞ்சதும் அழுவேன். அக்காதான் யாருக்கும் தெரியாம பழையதைப் பிசைஞ்சு போடுவா. தனியா சாப்பிடமாட்டேன்னு அடம் பிடிப்பேன், அவளும் கூடச் சாப்பிடுவா. இனிமே இவளுக்கு விரதம் எதுக்குன்னு எல்லாரும் அவளை விட்டுட்டா. நாலு மாசம் ஆச்சு. அக்கா உக்காந்தா. அடுத்த மாசமும் உக்காந்தா. அதுக்கடுத்த மாசமும். நாள் தவறலை."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? நான்தான் வந்தாச்சே."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"எங்க மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடப்படாதுன்னா. அவளைக் கொண்டுபோய் நடையிலே உக்கார வெச்சா. மறுபடியும் நின்னுபோச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்னத்தைச் சொல்றது? எனக்கு அப்போ மசக்கை." மகனைப் பார்த்தார். "இவன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எப்போ உக்காந்தே?"

"வைகாசி கடைசியிலே. அப்புறம் ஆனி கடைசியிலே. முப்பத்தோரு நாள்."

"யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கலைம்மா. தெருவிலே யாரும் இல்லையே."

அவர் ஆவி அடங்கிய அந்த இலையைப் பார்த்தார். "அக்கா பார்த்திருப்பா" என்றார். அதற்கு மேல் சாட்சி கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

மூட்டையை அவிழ்த்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "திருப்பி அனுப்பிடு. உன் கையெழுத்துதான் நன்னா இருக்கும்."

"என்னன்னு எழுதறது? பொருத்தம் இல்லைன்னா?"

"அப்படி எழுதினா அந்தப் பொண் மேலே பழி வரும். நாளைக்கு வேற யாரும் கட்டிக்கமாட்டான். எங்க பக்கத்திலே தோஷம்னு எழுது."

என் கணவர் ஆபீஸுக்கு நாழியாகிவிட்டது என்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தாயாரின் முகத்தை நேராகப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். 'உபயகுசலோபரி. தங்கள் குமாரியின் ஜாதகத்தில் யாதொரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்தில் தோஷம் இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. மன்னிக்கவும்.' பிறகு எத்தனையோ பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதியது அது ஒன்றுதான். மாமியார் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "ம்" என்றார். ஜாதகத்தை உள்ளே வைக்கும்போது ஒரு தரம் பிரித்துப் பார்த்தேன். பதினேழு வயதுப் பெண்ணின் ஜன்ம லக்கினம், நட்சத்திரம், பிறந்த நாழிகை, எல்லாம் இருந்தன. பெயரைப் படிக்கவில்லை, மடித்துவிட்டேன்.

கச்சேரி ரோடு முனைத் தபால் பெட்டிக்கு நானே நடந்தேன். வழியில் ஒரு வீட்டில் பூட்டைத் திறந்து, வாசலில் ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்ப ஆரம்பித்துவிட்டது. உறையைப் பெட்டிக்குள் பாதி விட்டபின், என்னை அறியாமல் கை நின்றது. அந்தப் பெண் இந்நேரம் கும்பகோணத்தில் எந்தக் கூடத்தில் உட்கார்ந்து, யார் சாப்பிட்டு முடிப்பதற்குக் காத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். தண்ணீர் தெளித்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விரலை எடுத்துவிட்டேன். உறை உள்ளே விழுந்தது.